மூண்டாம் ஓலை

எனக்கு முழங்கால் வருத்தம், பாதர். கதிரையில இருந்துகொண்டே சொல்லுறன். பாவசங்கீர்த்தனம் எண்டா முழங்காலில நிக்க வேணும், இது அதில்ல. நீங்க ஒரு விசயம் கேட்டு ஆள் அனுப்பினீங்க, அதுக்கு மறுமொழி சொல்ல வந்திருக்கன். தேத்தண்ணி ஊத்தச் சொல்லி ஒருத்தரையும் கரைச்சல் படுத்தாதீங்க. வீட்டில குடிச்சிட்டுத்தான் வெளிக்கிட்டன்.

வியாகுல மாதா திருவிழாவில மாதா சுருவத்தைத் தூக்கி வரக்குள்ள அதுக்குப் பின்னால முதல் ஆளா என்னை நடக்கச் சொல்லியிருக்கிறீங்க. பிள்ளையைச் சாகக் குடுத்த தாய் ஒருத்தி கறுப்புச் சீலையோட முன்னுக்கு நடக்கிறது இந்தக் கோயில் வழக்கம். பங்குச் சபையில ஒருத்தரும் மறுத்துக் கதைக்கல்லையாம். அனாதைப் பிள்ளையைத் தன்ட பிள்ளையா வளர்த்து அதையும் பறிகுடுத்தவ இமெல்டா ரீச்சர் எண்டு சொன்னாங்களாம். அந்தச் சபையில பாதிப் பேர் என்னட்ட ஞானோபதேசம் படிச்சதுகள். கட்டளை பத்தையும் ஒழுங்கா ஒப்புவிக்காததுக்குக் காதைத் திருகியிருக்கன். நல்ல பிள்ளையள்தான், ஆனா விசயம் தெரியாததுகள்.

நான் நடக்க மாட்டன், பாதர். ஏன் எண்டு கேப்பீங்க. நீங்க மன்னார்ப் பக்கத்து ஆள், இஞ்ச வந்து ஆறு மாதம் தான். தொடக்கத்தில இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். நான் ரீச்சர், எதையும் அடியில இருந்து சொல்லித்தான் பழக்கம்.

எங்கட அவரைத் தொண்ணூறாம் ஆண்டு ஆமி கூட்டிக்கொண்டு போனது. வாவிக்கு அங்கால, எழுவான்கரைச் சந்தைக்கு மீன் குடுக்கப் போன ஆள். விசாரிச்சிட்டு விடுறம் எண்டுதான் சொன்னாங்களாம். அண்டைக்கு நான் இறால் பொரிச்சு மூடி வச்சிருந்தன், அவருக்கு விருப்பம் எண்டு. மறுகா மூண்டு வருசம் நான் ஏறாத காம்ப் இல்ல, மண்டாடாத பெரியவன் இல்ல. உயிரோட இருக்கார் எண்டும் சொல்லல்ல, செத்திட்டார் எண்டும் சொல்லல்ல. அதால என்னை விதவை எண்டும் சொல்லேலாது. எனக்கு மிஞ்சினது மகன் றெஜி ஒருத்தன். தகப்பனைப் பிடிச்ச நேரம் அவனுக்கு நாலு வயது. பிறந்ததில இருந்து தொய்வு வருத்தம், மாரி தொடங்கினா நெஞ்சு விசிலடிக்கும். அவன் மூச்சு விடுற சத்தத்தைக் கேட்டுக் கேட்டே பத்து வருசம் படுத்தெழும்பினன்.

நான் வளர்த்த கண்ணகை மாங்கேணிப் பிள்ளை. தகப்பன் கடல் தொழில். ஒரே செல் குண்டு விழுந்து தாயும் தகப்பனும் ஒண்டாச் செத்துப் போனாங்க. அயல் சனத்தோட நடந்தும் தோணியிலயுமா இந்தக் கரைக்கு வந்து, எங்கட பள்ளிக்கூடத்தில அகதியா இருந்தவள். அவளுக்குச் சொந்தம் எண்டு இருந்தது தாயின்ட தமக்கை ஒருத்தி, அன்னப்பூரணி. அவ நாவற்குடாவில ஒரு வீட்டில சமையலுக்கு நிண்டவ. வீட்டுக்காரர் பிள்ளையைக் கூட்டி வர விடல்ல எண்டு, மாதம் ஒருக்கா மட்டும் வாவியைக் கடந்து வந்து பார்த்திட்டுப் போவா.

அந்தப் பள்ளிக்கூடத்தில தாய் தகப்பன் இல்லாத பிள்ளையள் பதினொரு பேர் இருந்தாங்க. நான் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தன். கண்ணகைக்கு அப்ப பதின்மூண்டு முடிஞ்சு பதினாலு, றெஜிக்கு இளையவள். மற்றதெல்லாம் ஐஞ்சு, ஆறு, எட்டு வயதுக் குஞ்சுகள். அவள் கிணத்தடியில நிண்டு எல்லாருக்கும் தண்ணி அள்ளி ஊத்திக்கொண்டு நிண்டாள். நல்ல உயரம், வலுவான கை. நான் அவளைத்தான் கேட்டன். அப்ப இருந்த பழைய பாதருக்கு, அந்தக் கிழவருக்கு, கண் கலங்கிப் போச்சு. எல்லாரும் சின்னப் பிள்ளையைத்தானே எடுப்பாங்க, வளர்ந்த பிள்ளையை ஆரம்மா கேக்கப் போறா எண்டு என்ட தலையில கை வச்சு ஆசீர்வதிச்சார். நான் குனிஞ்சு வாங்கிக்கொண்டன்.

அவளை நான் எப்பிடி வச்சிருந்தன் எண்டு ஊரில ஆரையும் கேளுங்க, பாதர். சன்னலோரக் கட்டிலைக் குடுத்தன். கொடுவா மீன் ஆக்கினா நடுத்துண்டு அவளுக்கு, வால் துண்டு றெஜிக்கு. அவன் முறைப்பான். "அம்மா, நான் பெத்த பிள்ளையா, அவள் பெத்த பிள்ளையா?" எண்டு பகிடி பண்ணுவான். நத்தார்ப் பண்டிகைக்கு அவளுக்கு நாவல்பழ நிறத்தில சட்டை, அவனுக்குப் பழைய களிசானில பட்டி மாத்தித் தைச்சுக் குடுத்தன். ஆரும் ஒரு குறை சொல்லிப்போடக் கூடாது எண்டதில நான் வலு கவனம்.

அம்மா எண்டு கூப்பிட வைக்கத்தான் மூண்டு கிழமை எடுத்தது. முதல்ல ரீச்சர் எண்டாள். மறுகா ஒண்டும் சொல்லாம வந்து பக்கத்தில நிப்பாள், நான் திரும்பிப் பார்க்கும் மட்டும். ஒரு நாள் றெஜிக்குத் தொய்வு கடுமையாப் போட்டுது. நான் அடுப்படியில ஆடாதோடை அவிச்சுக்கொண்டு நிண்டன். அவள் அவனை நிமித்தி இருத்தி, முதுகைத் தடவிக்கொண்டே "அம்மா, கெதியா வாங்க, அண்ணனுக்கு ஏலாது" எண்டு கத்தினாள். அதுதான் முதல் தரம். எனக்கும் நெஞ்சுக்குள்ள என்னவோ செய்தது, பாதர். அதை இல்லை எண்டு சொல்ல மாட்டன்.

மறுகா ஞானஸ்நானம். அகத்தா எண்டு பெயர் சேர்த்தம், ஆனா கண்ணகை எண்டுதான் எல்லாரும் கூப்பிட்டாங்க. ஞானத்தாயும் நான்தான். அதோட விட்டிருக்கலாம். எனக்கு அது போதாமல் இருந்துது. ஞானப்பிள்ளை எண்டா ஊரில ஆளுக்கு நாலு இருக்கும். இவள் இமெல்டா வீட்டுப் பிள்ளை எண்டு சனம் வாயால சொல்ல வேணும், சந்தேகம் வரக்கூடாது. அப்பதான் ஓலை வாசிக்கிற யோசினை வந்தது.

கலியாணத்துக்கு மூண்டு ஞாயிறு ஓலை வாசிக்கிறது உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்ல. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் எண்டு. அதுபோல இந்தப் பிள்ளைக்கும் வாசியுங்க எண்டு பழைய பாதரைக் கேட்டன். சட்டத்தில இல்லாத வேலை. கிழவர் வயிறு குலுங்கச் சிரிச்சார், மறுகா மூக்கைத் துடைச்சார். வாசிச்சார். "மாங்கேணியில் காலமான தம்பதிகளின் மகள் அகத்தா கண்ணகை, இன்று முதல் நம் பங்கைச் சேர்ந்த இமெல்டாவின் சொந்த மகளாவாள். தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கவும்." முதலாம் ஓலைக்குச் சனம் சிரிச்சுது. ரெண்டாம் ஓலைக்கு அழுதுது. பூசை முடிய ஆளாளுக்கு வந்து அவளின்ட கன்னத்தைக் கிள்ளினாங்க. அவள் கூச்சத்தில என்ட சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். வீட்ட வந்து கண்ணாடிக்கு முன்னால நிண்டு தன்ட பெயரையும் என்ட பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்ததை நான் கதவு இடுக்கால கண்டன்.

மூண்டாம் ஓலை அண்டைக்கு அன்னப்பூரணி வந்தா.

பூசைக்கு இடையில நான் திரும்பிப் பார்க்கக்குள்ள வாசல்படிக்கு வெளியில நிக்கிறா. செருப்பைக் கழட்டிக் கையில வச்சிருந்தா. அவ அம்மன் கும்பிடுற ஆள். வேதக் கோயிலுக்குள்ள கால் வைக்கலாமோ என்னவோ எண்டு தெரியாம வெயிலுக்குள்ள நிண்டா. பீடத்தில பாதர் தடை ஏதும் உண்டோ எண்டு கேக்கிறார். கோயில் முழுக்கச் சத்தமில்ல. அவவுக்கு அது விளங்கியிருக்காது. உள்ளுக்க ஏதோ மந்திரம் ஓதுறாங்க, நடுவில வாய் திறந்தாக் குத்தம் எண்டு நினைச்சிருப்பா. நான் அவவைக் கண்டதும் கண்டதுதான், முன்னுக்குத் திரும்பிட்டன். பாதர் புத்தகத்தை மூடினார்.

வெளியில வந்ததும் அவ முகமெல்லாம் சிரிப்பு. "ரீச்சர், எனக்கு வீட்டுக்காரர் பின்னால ஒரு அறை தந்திட்டாங்க. புள்ளையையும் கூட்டிவா எண்டிட்டாங்க. நான் கொண்டு போகத்தான் வந்தன்" எண்டா. கையில ஒரு சின்ன வாளி, புதுசு, மூடியோட. அவளுக்குக் குளிக்க எண்டு வாங்கினதாம்.

நான் அவவை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனன். அன்னப்பூரணியக்கா, பிந்திப் போச்சே எண்டன். கோயில்ல மூண்டு தரம் கேட்டாச்சு, ஒருத்தரும் தடை சொல்லல்ல. இனி அவளை இந்த வீட்டால பிரிச்சா அது கடவுளுக்குக் குடுத்த வாக்கை முறிச்ச மாதிரி, அந்தப் பாவம் உங்களில பிடிக்காது, பிள்ளையிலதான் பிடிக்கும் எண்டன். அப்பிடி ஒரு சட்டம் எங்கட வேதத்தில இல்ல, பாதர். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவவுக்குத் தெரியாது. சாமி குத்தத்துக்குப் பயந்த மனுசி. "நான் அந்நேரம் வாயைத் திறந்திருக்க வேணுமாக்கும்" எண்டா. ஓம் எண்டன். வாளியை என்ட கையில தந்திட்டு, பிள்ளையைக் கொஞ்சிட்டு, பின்னேரப் பாதையில ஏறிப் போயிட்டா. பாதை எண்டா இஞ்ச வாவியைக் கடக்கிற மிதவைதான். நீங்களும் அதிலதான் வந்தீங்க.

இதுக்கு முதலே ஒண்டைச் சொல்லியிருக்க வேணும். சொல்லுற ஒழுங்கு மாறிப் போச்சு.

கண்ணகையைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனது சனிக்கிழமை எண்டு சொன்னன். அதுக்கு முதல் வியாழக்கிழமைதான் நான் வடக்கே தங்கச்சி வீட்டால திரும்பி வந்தன். அங்க அப்பவே தொடங்கியிருந்துது. வீட்டுக்கொரு பிள்ளை இயக்கத்துக்குத் தரவேணும். கூட்டம் வச்சுச் சொல்லிட்டு, கொப்பியும் கையுமா வீடு வீடா வாறாங்க. தங்கச்சிக்கு மூண்டு பிள்ளையள், மூத்தவனைக் குடுத்தாள். பக்கத்து வளவில ஒருத்திக்கு ஒத்தைப் பிள்ளை. மண்ணில உருண்டு அழுதாள், மனுசனையும் பறிகுடுத்தவள். மனுசன் கணக்கில வராது, பிள்ளைதான் கணக்கு எண்டிட்டாங்க. அந்தப் பொடியனைக் கூட்டிக்கொண்டு போகக்குள்ள அவன் தாயைத் திரும்பிப் பார்க்கவும் இல்ல, வெக்கத்திலயோ என்னவோ. நான் வேலிக்கு இங்கால நிண்டு பார்த்தன். ரெண்டு பிள்ளை இருந்தா ஒண்டு மிஞ்சும். அவ்வளவுதான் எனக்குத் தோணினது. வெள்ளிக்கிழமை முழுக்கச் செபமாலை சொன்னன். சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனன்.

அதுக்காக நான் அவளுக்குக் குடுத்த சோறு பொய்ச் சோறு எண்டு நினைக்காதீங்க. அனாதைக்கு இடம் குடுத்ததும் உண்மை, மற்றதும் உண்மை. ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ளதான் இருந்துது.

எங்கட ஊருக்கு அவங்க வந்தது அடுத்த ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலமை பத்து மணி இருக்கும். ரெண்டு பெட்டையள், பின்னலை மடிச்சுக் கட்டி, இடுப்பில பட்டி. மரியாதையாத்தான் கதைச்சாங்க. மாமரத்துக்குக் கீழ வாங்கில இருந்து தண்ணி கேட்டுக் குடிச்சாங்க. கண்ணகைதான் கொண்டு வந்து குடுத்தாள்.

"எத்தனை பிள்ளையள் அம்மா?"

ரெண்டு எண்டன்.

மூத்தவள் கொப்பியைத் திறக்கல்ல. "சில வீடுகளில ஆர்ட பிள்ளையையோ கொண்டு வந்து காட்டுறாங்க அம்மா. அது சரிவராது. பெத்த பிள்ளை இருக்கக்குள்ள வளர்ப்புப் பிள்ளையை நாங்க எடுக்கிறதில்ல" எண்டாள். பிறகு கண்ணகையைத் திரும்பிப் பார்த்தாள். "தங்கச்சி, நீ இந்த வீட்டுப் பிள்ளையா? பயப்படாம உண்மையைச் சொல்லு."

இதை நீங்க கவனமாக் கேக்க வேணும், பாதர். நான் வாயைத் திறக்கல்ல. ஆம் எண்டும் சொல்லல்ல, இல்லை எண்டும் சொல்லல்ல. அவள் இல்லை எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தாத் தப்பியிருப்பாள். ஆனா அவளுக்கு அந்தக் கேள்வி வேற மாதிரித்தான் கேட்டிருக்கு. நீ வேற எங்கயோ இருந்து வந்த அகதிதானே எண்டு ஆரோ தன்னை நெருக்குறாங்க எண்டு நினைச்சிட்டாள். முகம் சிவந்து போச்சு. "நான் இந்த வீட்டுப் பிள்ளைதான் அக்கா. இமெல்டா ரீச்சர்ட சொந்த மகள். கோயில்ல எனக்கு மூண்டு ஓலை வாசிச்சவங்க. ஆரையும் கேட்டுப் பாருங்க."

கேட்டாங்க. வேலிக்கு அங்கால நிண்ட சனத்தைக் கேட்டாங்க. அதுகளும் பாவம், விசயம் விளங்காம ஒருத்தர் மாறி ஒருத்தர் சொல்லிச்சுதுகள். ஓம், ரீச்சர்ட பிள்ளைதான். நாங்கள் எல்லாரும் சாட்சி. தடை ஒண்டும் இல்லை எண்டு நாங்கதான் சொன்னம். எங்கட ஊர்ச் சனத்துக்கு அவளில அவ்வளவு பட்சம்.

அப்ப கொப்பியைத் திறந்தாள். பொடியனைத் தாறீங்களா, பெட்டையைத் தாறீங்களா எண்டு கேட்டாள். அதுக்கும் நான் மறுமொழி சொல்லல்ல. அவனுக்குத் தொய்வு எண்டு மட்டும் சொன்னன். அது உண்மைதானே. டாக்குத்தரின்ட துண்டும் இருந்துது, எடுத்துக் காட்டினன்.

மறுகாத்தான் அவளுக்கு விளங்கினது. என்னைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தன், அதைக் கண்டிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடிச்சாள். "அண்ணனுக்கு ஏலாதம்மா, நான் போறன், நீங்க அழாதீங்க" எண்டாள். என்னைத் தேற்றினது அவள், பாதர். ரெண்டு சட்டையும் செபமாலையும் ஒரு பையில வச்சுக் குடுத்தன். போகக்குள்ள மூத்தவள் ஒரு சொல் சொல்லிட்டுப் போனாள். பிள்ளை தப்பி ஓடி வந்தா வச்சிருக்கக் கூடாது, வச்சிருந்தா மற்றதைக் கூட்டிப் போவம் எண்டு. அண்டைக்கு றெஜி பள்ளிக்கூடத்தால வந்து சோறு தின்னல்ல. மூண்டு நாள் என்னோட கதைக்கவும் இல்ல.

இதோட நிறுத்தினா நீங்க என்னைப் பாவம் எண்டு சொல்லுவீங்க. வேற எத்தினையோ தாய்மார் இதைவிடக் கேடாச் செய்திருக்காங்க எண்டும் சொல்லுவீங்க. பொறுங்க, இன்னும் இருக்கு.

அவள் தப்பி வந்தாள். மார்கழி மாதம், வேளாண்மை இடுப்புக்கு வளர்ந்து நிண்ட நேரம். ரெண்டு நாள் வட்டைக்குள்ள வயலோட வயலா ஒளிச்சு நடந்து, ஒரு வியாழன் மத்தியானம் பின்பக்கத்தால வந்து சேர்ந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாங்க. காலெல்லாம் அட்டை கடிச்ச புண். என்னைக் கண்டதும் சிரிச்சாள். பயந்து போய் வந்தவள் எண்டு ஆரும் சொல்ல ஏலாது, தாய் வீட்டுக்கு வந்த மாதிரித்தான் வந்தாள்.

கிணத்தடிக்குக் கூட்டிப் போய்த் தண்ணி வாத்தன். பெரியம்மா தந்த அந்த வாளியாலதான் வாத்தன். புண்ணுக்கு மஞ்சள் பூசினன். சோறு போட்டன், பருப்பும் கீரையும் ஒரு முட்டைப் பொரியலும். தின்னக்குள்ள சொன்னாள். "நான் இஞ்ச இருக்க மாட்டன் அம்மா. இருந்தா அண்ணனைக் கூட்டிப் போயிருவாங்க. என்னைப் பாதையில ஏத்தி விடுங்க, நான் நாவற்குடாவுக்குப் பெரியம்மாட்டப் போறன். அங்கால ஆமி நிக்குது, போனா இவங்க வர மாட்டாங்க." எல்லாத்தையும் யோசிச்சுத்தான் வந்திருந்தாள். மணி ஒண்டு. ரெண்டு மணிக்குப் பாதை. எங்கட வீட்டில இருந்து துறை பத்து நிமிச நடை.

சரி மனே, நீ ஆறுதலாச் சாப்பிடு, நான் போய்ப் பாதைக்காரனோட கதைச்சு வச்சிட்டு வாறன் எண்டு வெளிக்கிட்டன்.

துறைக்குப் போனது உண்மை. பாதைக்காரக் கோணாமலையோட கதைச்சதும் உண்மை. வெயில் கடுமை எண்டு ஏதோ கதைச்சன். அவர் இப்பவே ஏறுறீங்களா ரீச்சர் எண்டு கேட்டார், இல்லை எண்டன். துறையில நிண்டு வாவியைப் பார்த்தன். அங்கால கரை கண்ணுக்குத் தெரியுது. அவளை ஏத்தியிருக்கலாம். ஏத்தினா அவள் தப்புவாள். ஆனா அவள் எங்கட வீட்டுக்கு வந்தவள் எண்டு ஒரு நாள் தெரியத்தான் போகுது. சின்ன ஊர், ஒரு வாய் போதும். தெரிஞ்சா அவங்க றெஜியிட்டத்தான் வருவாங்க. அவன் அண்டைக்குப் பள்ளிக்கூடத்தில கணக்குச் சோதினை எழுதிக்கொண்டிருந்தான். நான் நிண்டு நல்லா யோசிச்சுத்தான் செய்தன், பாதர். அவசரத்தில செய்தன் எண்டு சொல்லித் தப்ப மாட்டன்.

துறையில இருந்து நேர போனது அவங்கட காரியாலயத்துக்கு. கண்ணகை வந்திருக்கிறாள் எண்டு சொன்னன். நான்தான் சொன்னன். வாசலில நிண்டவனுக்கு என்னைத் தெரியும், என்னட்டப் படிச்ச பொடியன். இருங்க ரீச்சர் எண்டு கதிரை போட்டான். இருக்கல்ல. பிள்ளையை அடிக்கக் கூடாது எண்டு மட்டும் கேட்டன். அடிக்க மாட்டம் எண்டான்.

நான் வீட்ட வரக்குள்ள அவள் தின்னு முடிச்சு, கோப்பையைக் கழுவிக் கவிட்டு வச்சிட்டு, நாவல்பழ நிறச் சட்டையை உடுத்துக்கொண்டு இருந்தாள். சட்டைக் கை கட்டையாப் போச்சு, வளர்ந்திட்டாள். "கதைச்சிட்டீங்களாம்மா?" எண்டாள். கதைச்சிட்டன் எண்டன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஓடப் பார்க்கல்ல. எனக்கு முன்னால வந்து நிண்டு, "வீட்டுக்காரரை ஒண்டும் செய்யாதீங்க, இவங்களுக்குத் தெரியா, நான்தான் சொல்லாம வந்தன்" எண்டாள்.

அந்தக் குரல் இண்டைக்கும் எனக்குக் கேக்குது. அடுப்படியில நிக்கக்குள்ள கேக்குது. செபமாலையில அருள்நிறைந்த மந்திரத்துக்கு நடுவில கேக்குது. அதை மறைக்கல்ல.

ஊர் கோணாமலையைத்தான் சந்தேகப்பட்டுது. ரீச்சர் பிள்ளையை ஏத்தச் சொல்லிக் கதைக்கப் போனவ, அவன்தான் காட்டிக் குடுத்திட்டான் எண்டு. நான் துறைக்குப் போனதைக் கண்ட ஆக்கள் இருந்தாங்க, மற்ற இடத்துக்குப் போனதைக் காணல்ல. சனம் அவர்ட பாதையில ஏறாம விட்டுது. அவர்ட மகளுக்குப் பேசின சம்பந்தம் குழம்பிப் போச்சு. என்னட்ட வந்து வாசலில நிண்டு கேட்டார். "நீங்க எனக்கு ஒண்டும் சொல்லல்லையே ரீச்சர், ஊருக்கு அதை ஒருக்காச் சொல்லுங்களன்." பார்ப்பம் எண்டன். குடும்பத்தோட தேற்றாத்தீவுக்குப் போயிட்டார். இப்ப பாதையில நிக்கிறது வேற ஆள்.

அடுத்த சித்திரைக்குக் கண்ணகை முடிஞ்சாள். எங்க, எப்பிடி எண்டு ஒருத்தரும் சரியாச் சொல்லல்ல. உடம்பு தரல்ல. ஒரு படம் கொண்டு வந்து தந்தாங்க. அதில அவள் சிரிக்கல்ல. பழைய பாதர் பூசை வச்சார். கோயில் நிறைஞ்ச சனம். அன்னப்பூரணி வந்தா, இந்த முறை உள்ளுக்க வந்து என்னோட முதல் வாங்கில இருந்தா. என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு, என்ட தங்கச்சி உயிரோட இருந்தாக்கூட இப்பிடிப் பார்த்திருக்க மாட்டாள் ரீச்சர், நீங்கதான் அவளுக்குத் தாய் எண்டு சொல்லிச் சொல்லி அழுதா. நானும் அழுதன். அவட கை ஈரமா இருந்துது.

றெஜியைக் கட்டாருக்கு அனுப்பிட்டன். அங்க வெக்கை, தொய்வு குறைவாம். போன் எடுக்கிறது குறைஞ்சு போச்சு. கடைசியா எடுத்த நேரம் ஒண்டு கேட்டான். அண்டைக்கு அவள் எத்தினை மணிக்கு வந்தவள் அம்மா, அவங்க எத்தினை மணிக்கு வந்தவங்க எண்டு. எனக்கு நினைவில்ல மனே எண்டன். அவன் மூச்சு விடுறது கேட்டுது, விசில் இல்லாம நல்லாத்தான் இருந்துது. மறுகா வச்சிட்டான். பதினாலு மாதம் ஆகுது. ஆனா உயிரோட இருக்கான், பாதர். நான் கேட்டது அதைத்தான்.

உங்கட முகத்தில இருக்கிற கேள்வி எனக்குத் தெரியுது, நான் முப்பது வருசம் பிள்ளையளின்ட முகத்தைப் பார்த்தவள். கேளுங்க. பெத்த தாயா இருந்தா இப்பிடிச் செய்வாளா எண்டுதானே கேக்கப் போறீங்க?

பெத்த தாய் எண்டபடியாத்தானே, பாதர், செய்தன்.